ஊக்கின் வடிவம் 170 ஆண்டுகளுக்கு மேலாகியும் ஏன் மாறவில்லை?

சேலைத் தலைப்பில் குத்தும் ஊக்கு, 1849-இல் அமெரிக்கரான வால்ட்டர் ஹன்ட் காப்புரிமை பெற்ற அமைப்பிலிருந்து ஏன் பெரிதாக மாறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அதன் அடியில் உள்ள சிறு சுருள்தான் காரணம். ஊக்கை மூடும்போது அந்தச் சுருள் இறுகி, கம்பியை எந்நேரமும் வெளிநோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதால், கூர்முனை கொண்டிக்குள் அழுந்தி நிற்கிறது. அதே கொண்டி நம் விரலையும் காக்கிறது. பூட்டவும் காக்கவும் வேறு உறுப்பே தேவைப்படாத இந்தச் சிக்கனத்தில் இனிக் குறைப்பதற்கு எதுவுமில்லை. இத்தகைய கண்டுபிடிப்பின் உரிமையை ஹன்ட் வெறும் 400 டாலருக்கு விற்றுவிட்டார் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. என் அம்மாவின் வளையலில் எப்போதும் இரண்டு ஊக்குகள் தொங்கும். அவற்றுள் பழையது, முலாம் முழுதும் தேய்ந்த பிறகும், திறந்தால் விரலை எதிர்த்து விறைப்பாகவே விரிகிறது.