முன்பு சொன்ன சொற்களை மகன் இப்போது சொல்வதில்லை

கேள்வி: மகனுக்கு இரண்டு வயதும் மூன்று மாதமும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. விளையாட்டு ஓட்டோவைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றிக்கொண்டே இருப்பான். சில நேரம் நுனிக்காலில் நடக்கிறான். ஒன்றரை வயதில் ‘அம்மா’, ‘பூ’, ‘தா’ சொன்னான், டாட்டா காட்டினான். இப்போது அவை இல்லை. அரச வைத்தியசாலையில் ஓட்டிசம் மதிப்பீட்டுக்கு ஏழு மாதம் கழித்துத்தான் திகதி தந்திருக்கிறார்கள். மூன்று வயதுக்குள் பயிற்சி தொடங்காவிட்டால் பிறகு பிரயோசனமில்லை என்று இன்டர்நெட்டில் வாசித்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. வயிற்றில் இருக்கும்போது பனடோல் குடித்தேன், அதனாலா? வீட்டில் தமிழ், வெளியில் சிங்களம், கார்ட்டூன் ஆங்கிலம், அதனாலா? பாலையும் கோதுமையையும் நிறுத்தட்டுமா? மூன்று வயது எம்.எம்.ஆர். ஊசியைத் தள்ளிப் போடலாமா? இரவில் தூங்குவதற்கு நியூ ஜேர்சியில் இருக்கும் மச்சாள் அனுப்பிய மெலடோனின் கம்மி மிட்டாயில் பாதி கொடுக்கிறேன். தகப்பனும் பிந்தித்தான் கதைத்தவர், பேசாமல் இரு என்கிறார் மாமி.
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: மூன்று வயதோடு மூளை கற்பதை நிறுத்திவிடாது அம்மா. உங்கள் நித்திரையைக் கெடுத்த அந்த வரியை யார் எழுதினார்களோ தெரியாது. பெரும்பாலும் அதற்குக் கீழேயே ஒரு ‘பக்கேஜ்’ விலைக்கு இருந்திருக்கும். நான்கு வயது வரை வசனமாகப் பேசாதிருந்த ஓட்டிசப் பிள்ளைகள் 535 பேரைப் பற்றிய ஆய்வொன்று 2013இல் அமெரிக்காவில் வெளியானது. எட்டு வயதைத் தாண்டிய நேரத்தில் அவர்களில் 70 வீதமானோர் சொற்களைச் சேர்த்துப் பேசினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் சரளமாகவே பேசினார்கள்.

இதைக் காட்டி ஆறப்போடச் சொல்லவில்லை. முந்தித் தொடங்குவது நல்லதுதான். ஆனால் தொடங்குவதற்கு அந்தத் திகதி வரவேண்டியதில்லை. அன்றைக்கு உங்கள் கையில் கிடைக்கப்போவது மகனின் நிலைக்கு ஒரு பெயர், ஒரு அறிக்கை. அதற்கு மறுநாள் ஸ்பீச் தெரபிஸ்ட் உங்களைச் செய்யச் சொல்லப்போவதில் பெரும்பகுதியை இன்று பின்னேரமே தொடங்கலாம். அதற்கு வருகிறேன்.

அதற்கு முதல் வேறொன்று. பனடோல், கோதுமை, நுனிக்கால் என்று இவ்வளவையும் விரித்து எழுதிவிட்டு, நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: சொன்ன சொற்களை இப்போது சொல்வதில்லை, டாட்டாவும் இல்லை. கடிதம் முழுக்க அந்த ஒரு வரிதான் அவசரமானது. பிள்ளை பிந்திக் கதைப்பது வேறு, கதைத்ததை விடுவது வேறு. தகப்பன் பிந்திக் கதைத்திருக்கலாம். கதைத்த பிறகு விட்டாரா என்று மாமியிடம் கேட்டுப் பாருங்கள்.

ஓட்டிசமுள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படி நடக்கிறது, பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டி. நீங்கள் எதையோ செய்ததாலோ செய்யத் தவறியதாலோ வருவதல்ல. ஆனால் வந்த சொல் போனால் காதையும் பார்க்க வேண்டும், வலிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்கு ஏழு மாதம் காத்திருக்கக் கூடாது.

ஆகவே இந்தக் கிழமையே, உங்களுக்கு மதிப்பீட்டுக்குக் கடிதம் எழுதித் தந்த பிள்ளை வைத்தியரிடம் திரும்பப் போங்கள். உள்ளே போனதும் முதல் வசனமாக இதைச் சொல்லுங்கள்: “ஒன்றரை வயதில் மூன்று சொல் சொன்னான், கை காட்டினான். இப்போது இரண்டும் இல்லை.” ‘பிள்ளை கதைக்கிறானில்லை’ என்று சொல்லும் தாய்மார் அந்தக் கிளினிக்கில் அன்றைக்கு மட்டும் எத்தனையோ பேர் இருப்பார்கள். ‘கதைத்ததை விட்டுவிட்டான்’ என்றால் டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். ஃபோனில் அந்தக் காலத்து வீடியோ கட்டாயம் இருக்கும். பிறந்தநாளிலோ கோயிலிலோ எடுத்தது, அவன் ‘பூ’ சொல்வது கேட்கிற மாதிரி. அதைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். திகதியை முந்திப் போடும்படி ஒரு வரி எழுதித் தரக் கேளுங்கள். கிளினிக் தாதியிடம் நம்பரைக் கொடுத்து, யாராவது வராவிட்டால் கூப்பிடச் சொல்லுங்கள். வெள்ளவத்தையிலிருந்து அரை மணித்தியாலத்தில் வந்துவிடும் தாய் அவர்களுக்கும் உதவிதான்.

நடந்த பிள்ளை தடுமாறி விழத் தொடங்கினால், பிடித்த சாமானைப் பிடிக்க முடியாமல் போனால், கண் ஒரே இடத்தில் குத்திநின்று தொட்டாலும் உணராமல் இருந்தால், நித்திரையால் எழும்பும் நேரம் தலையும் கையும் வெடுக்கு வெடுக்கென்று மடங்கினால், கடிதமும் திகதியும் பார்க்க வேண்டாம். அன்றே பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் ஒரு நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். வைத்தியருக்கு உங்கள் விவரிப்பைவிட அது உதவும்.

காது. “பிஸ்கட் பக்கெட் சரசரத்தால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிறானே, காதுக்கு என்ன?” என்பீர்கள். எல்லாத் தாய்மாரும் சொல்வதுதான். நடுக்காதில் நீர் கட்டிய பிள்ளைக்குச் சரசரப்பு கேட்கும், பேச்சு தெளிவில்லாமல் கேட்கும். சில சுருதி மட்டும் கேட்காத பிள்ளைகளும் உண்டு. வீட்டில் கைதட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் வாங்கி, பிள்ளை நித்திரையாக இருக்கத் தலையில் ஒட்டுகள் ஒட்டிச் செய்யும் சோதனையைக் கேளுங்கள். அரச வைத்தியசாலைகளில் பணம் கட்டத் தேவையில்லை. மதிப்பீட்டன்று அந்த அறிக்கை கையில் இல்லாவிட்டால், ‘முதலில் அதைச் செய்துகொண்டு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பக்கூடும். ஏழு மாதம் காத்திருந்து அப்படித் திரும்பி வரும் தாய்மாரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இனி வீட்டு வேலை. அவனுக்குப் பிடித்த பிஸ்கட்டை உள்ளே தெரிகிற போத்தல் ஒன்றில் போட்டு, மூடியை இறுக்கி, அவன் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். திறக்க வராது. உங்கள் கையைப் பிடித்து, முகத்தைப் பார்க்காமல், மூடியின் மேல் கொண்டுபோய் வைப்பான். உடனே திறந்து கொடுத்துவிடாதீர்கள். நிலத்தில் அவன் முகத்துக்கு நேரே இருந்து, போத்தலை உங்கள் கன்னத்தருகே பிடித்துக்கொண்டு, மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். ஒரு பார்வை, ஒரு ‘ஊ’, ஒரு சிணுங்கல், எது வந்தாலும் அதுவே பதில். ‘திற’ என்று ஒரே சொல் சொல்லித் திறந்து, அரைத்துண்டு கொடுத்து, மூடிவிடுங்கள். மீதி அரைக்கு மறுபடியும் வருவான். ஒன்றும் வராவிட்டாலும் எண்ணி முடிந்ததும் கொடுத்துவிடுங்கள். அழவைத்துப் பறிக்கிற விளையாட்டல்ல இது.

ஓட்டோச் சில்லையும் பிடுங்க வேண்டாம். இன்னொரு ஓட்டோ வாங்கி, அவனுக்கு முன்னால் இருந்து நீங்களும் சுற்றுங்கள். ‘சுத்து, சுத்து’ என்று சொல்லிக்கொண்டே சுற்றி, சட்டென்று கையால் நிறுத்திவிட்டுப் பேசாமல் இருங்கள். முதல் நாள்களில் உங்களைக் கவனிக்கவே மாட்டான். பிறகு ஒருநாள் ஏன் நின்றது என்று நிமிர்ந்து பார்ப்பான். அந்தப் பார்வைக்குத்தான் இவ்வளவு பாடும். தெரபிஸ்ட் மேசையில் கிழமைக்கு ஒருமுறை நடப்பதும் இதுதான். உங்களிடம் ஒவ்வொரு நாளும் இருக்கிறது. குளிக்க வார்க்கும்போது, உடுப்பு மாட்டும்போது, லிஃப்ட் பட்டனை அழுத்தும்போது செய்யலாம். கொழும்பில் தாய்மாருக்கு இப்படிப் பழக்கி, வீட்டிலேயே செய்வித்து, பிள்ளைகள் முன்னேறுவதை 2016இல் நம் நாட்டு வைத்தியர்களே ஆய்வாக வெளியிட்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் இதே அடிப்படையில் பெற்றோருக்கான பயிற்சி ஒன்றை வைத்திருக்கிறது.

ஒன்றை மட்டும் நிறுத்துங்கள்: “இது என்ன? சொல்லு, சொல்லு, அம்மா சொல்லு.” வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பரீட்சை வைத்தால், பிள்ளை முகத்தைத் திருப்பாமல் என்ன செய்யும்? கேள்வி கேட்காதீர்கள். அவன் பார்ப்பதற்குப் பெயர் சொல்லுங்கள், ஒவ்வொரு சொல்லாக.

மற்ற பயங்களை ஒவ்வொன்றாக ஊதிவிடுகிறேன். பனடோல்: சுவீடனில் 24 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து, ஒரே தாயின் பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு 2024இல் வெளியிட்டார்கள், தொடர்பில்லை. மனதிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். நுனிக்கால்: இந்த வயதில் எத்தனையோ பிள்ளைகள் நடக்கும், வைத்தியர் ஒருமுறை கணுக்காலை மடக்கிப் பார்க்கட்டும், போதும். மொழி: மூன்று மொழியால் ஓட்டிசம் வராது. உங்களுக்கு வாயில் வருகிற தமிழிலேயே கதையுங்கள். கொழும்பில் தமிழில் செய்கிற ஸ்பீச் தெரபிஸ்ட் கிடைப்பது கஷ்டம், எனக்கும் தெரியும். சிங்களத்தில் செய்பவரிடம் போனாலும் வெளியில் வாங்கில் இருக்காமல் உள்ளே இருந்து முறையைப் பாருங்கள். அதையே வீட்டில் தமிழில் செய்யலாம்.

எம்.எம்.ஆர். ஊசியில் பழி போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரை வெறும் 12 பிள்ளைகளைப் பற்றியது. சஞ்சிகை 2010இல் அதை வாபஸ் வாங்கியது. எழுதியவரின் மருத்துவப் பதிவும் அதே ஆண்டு பறிக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை இலட்சம் பிள்ளைகளைப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் அந்த ஊசி தடுக்கும் சின்னமுத்து 2023இல் இங்கே திரும்பி வந்தது உண்மை. மூன்று வயது ஊசியை மூன்று வயதில் போடுங்கள்.

பாலும் கோதுமையும்: பாண், பிஸ்கட், பால் இந்த மூன்றிலும்தான் இந்த மாதிரிப் பிள்ளைகள் பலர் வளர்கிறார்கள். அதையும் நிறுத்தினால் என்னத்தைச் சாப்பிடும்? ஓட்டிசத்துக்கு அதனால் பலன் வருமென்று நிரூபணமில்லை, பிள்ளை மெலியும் ஆபத்துத்தான் உண்டு. கார்ட்டூனாலும் ஓட்டிசம் வராது. ஆனால் ஃபோன் ஓடும் நேரமெல்லாம் உங்கள் முகத்தைப் பார்க்காத நேரம். ஒரேயடியாகப் பறிக்காமல், முதலில் ஒரு சாப்பாட்டு வேளையில் மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

கம்மிக்கு வருவோம். இங்கேதான் எனக்குக் கோபம். மச்சாள் வைத்தியரா? இரண்டு வயதுப் பிள்ளைக்கு மெலடோனின் என்ற தூக்க ஹோர்மோனை, இனிப்பு என்று நினைத்து, பாதி கடித்துக் கொடுக்கிறோம். அமெரிக்காவில் கடையில் விற்கும் மெலடோனின் கம்மிகளில் 25 வகையை வாங்கிச் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். 22 வகையில் போத்தலில் எழுதிய அளவு உள்ளே இல்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை. இனி நீங்கள் கொடுக்கும் பாதி எதன் பாதி? மெலடோனின் தேவைப்படும் ஓட்டிசப் பிள்ளைகள் உண்டு. அதை வைத்தியர் அளவு பார்த்து எழுதித் தருவார். இன்றிரவிலிருந்து நிறுத்துங்கள். கொடுத்த விஷயத்தையும் பிள்ளை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். வலிப்பையும் நித்திரையையும் பற்றி அவர் கேட்கும்போது அது தேவைப்படும். தலைமயிரை வெட்டி அனுப்பினால் உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று சொல்கிறோம், அதை இறக்கி ஓட்டிசத்தை மாற்றுகிறோம் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். அந்த ‘இறக்கும்’ மருந்தை ஏற்றி 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று இறந்தே போனது.

கையில் காசிருந்தால் தனியாரில் சனல் பண்ணலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். பிள்ளை வைத்தியர் ஒருவரைச் சனல் பண்ணிக் காதுக்கும் வலிப்புக்கும் வழி பார்ப்பது நல்ல செலவு. பத்து நிமிடத்தில் ‘ஓட்டிசம்’ என்று எழுதித் தருபவருக்கும், பத்து நிமிடத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுபவருக்கும் கொடுப்பது வீண். இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைச் சொல்லாது. பிள்ளை விளையாடுவதைப் பார்த்து, உங்களிடம் ஆற அமரக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். வரிசை நீளுவதற்கும் அதுவே ஒரு காரணம்: ஒரு பிள்ளைக்கு ஒரு காலைப்பொழுதே போய்விடும், அதைச் செய்யத் தெரிந்தவர்களோ கொஞ்சப் பேர். ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு இருக்கும் அயாத்தி நிலையத்தில் பல துறையினர் ஒரே இடத்தில் பார்க்கிறார்கள். அங்கேயும் விசாரித்துப் பெயரைப் பதிந்து வையுங்கள்.

வேறு எங்கே முந்தி இடம் கிடைத்தாலும், அந்த ஏழு மாதத் திகதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அன்றைக்குத் தகப்பனும் வரட்டும், காலையில் லீவு எடுத்துக்கொண்டு. தான் எப்போது கதைத்தேன் என்பதை அவரே சொல்லலாம்.