காராமணிக்கு உரம் போடப் போட அசுவினி ஏன் கூடுகிறது?

"மாடியில் வைத்த காராமணிக்கு நன்றாக உரம் கொடுத்தும் ஏன் அசுவினிப் பூச்சி அப்புகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றாகக் கொடுத்ததால்தான். கோபப்படாதீர்கள், நானும் அதே தப்பைச் செய்தவள்.

போன ஆடிப்பட்டத்தில் நாலு பையில் காராமணி போட்டு, வாராவாரம் கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றினேன். இலையெல்லாம் கரும்பச்சையாகத் தளதளவென்று மண்டியது. பூவைத்தான் காணோம். ஒருநாள் குருத்தைத் திருப்பிப் பார்த்தால் எள்ளைக் கொட்டினாற்போல் அசுவினி.

செடியின் சாற்றில் சர்க்கரை ஏராளம், தழைச்சத்து (நைட்ரஜன்) சொற்பம். அந்தச் சொற்பத்துக்காகத்தான் அசுவினி ஓயாமல் உறிஞ்சுகிறது. வேண்டாத சர்க்கரையைப் பின்வழியாகக் கழித்துவிடும். கீழ் இலையில் பிசுபிசுப்பதும் எறும்பு மொய்ப்பதும் அதனால்தான். நாம் புண்ணாக்கை ஊற்ற ஊற்ற சாற்றில் தழைச்சத்து ஏறுகிறது, தண்டும் மெத்தென்று ஆகிறது. அசுவினிக்கு விருந்துதான்.

காராமணி வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்து, காற்றிலிருந்து தழைச்சத்து வாங்கிக்கொள்கிற செடி. மண்ணிலேயே சும்மா கிடைத்தால் அந்தச் செலவை எதற்குச் செய்யும்? ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன், வேரில் இரண்டு மூன்று முடிச்சுதான்.

அசுவினியும் இதே மாதிரி கணக்குப் பார்க்கும். பெண் ஆணில்லாமலே குட்டி போடும். பிறக்கும் குட்டிக்குள்ளேயே அடுத்த கரு வளர்ந்துகொண்டிருக்கும். சாறு நன்றாக இருக்கிறவரை பிறப்பவற்றில் பெரும்பாலானவைக்கு இறக்கை கிடையாது, சத்தெல்லாம் குட்டி போடத்தான். கூட்டம் நெரிந்து ஒன்றையொன்று இடித்தாலோ செடி வாடினாலோ, அதே தாய்க்குப் பிறப்பவை இறக்கையோடு வளரும். கண்ணாடி இறக்கையோடு நாலைந்து தெரிந்தால் உடனே பக்கத்துப் பையையும் பாருங்கள். நான் பார்க்கவில்லை, அதுவும் போயிற்று.

சரி, என்ன செய்வது? புண்ணாக்கை நிறுத்துங்கள். குருத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பாதிக்கு மேல் உதிர்ந்துவிடும். மீதிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலில் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். எறும்பு ஏறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், அது பொறிவண்டை விரட்டிவிடும். அப்புறம், குட்டி முதலை மாதிரி கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு ஊர்வது பொறிவண்டின் புழு. அசுவினியைத் தின்னத்தான் வருகிறது. நான் தெரியாமல் நாலைந்தை நசுக்கியிருக்கிறேன்.