கம்பளி நூல், ஊசி, பில்: பின்னல் பின்னுகிறவர்களின் கேள்விகள்

மழைக்காலம் வந்தால் நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கத்திலிருந்தும் ஸ்வெட்டர் பின்னுகிறவர்களின் கடிதங்கள் கூடிவிடும். அவற்றில் நூலும் ஊசியும் வாங்குவது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன் அக்கா. பேரனுக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் பின்ன, ‘பியூர் வுல்’ என்று சொல்லிக் கொடுத்த நூலை ஒரு கடையில் ஆறு உருண்டை வாங்கினேன். பாதி பின்னிய பிறகு, இது அக்ரிலிக் என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. சுற்றியிருக்கும் தாளில் ‘கேஷ்மிலான்’ என்று போட்டிருக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது? திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: பக்கத்து வீட்டு அம்மா சொன்னது சரி. கேஷ்மிலான் என்பது ஜப்பானிய நிறுவனம் ஒன்று தன் அக்ரிலிக் இழைக்கு வைத்த வணிகப் பெயர். நம் நாட்டில் அது அக்ரிலிக் நூலுக்கே பொதுப்பெயர் மாதிரி ஆகிவிட்டது. காஷ்மீர் ஆட்டு ரோமத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ‘பேபி வுல்’, ‘சாஃப்ட் வுல்’ என்று விற்பவையும் பெரும்பாலும் அக்ரிலிக்தான். கடையில் சொல்லும் பெயரை விட்டுவிட்டு, தாள் பட்டியில் இழையின் பெயரும் சதவீதமும் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். ‘100% அக்ரிலிக்’, ‘80% அக்ரிலிக் 20% வுல்’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். வுல்மார்க் முத்திரை இருந்தால் அது முழுக்கப் புதுக் கம்பளி என்று பொருள். 1964இலிருந்து உள்ள முத்திரை அது.

பட்டி கிழிந்துபோயிருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு விரல் நீள நூலைக் குறட்டில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி மெதுவாகப் பற்றும், தீயை எடுத்ததும் தானே அணையும், முடி கருகும் நாற்றம் வரும், கரி விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக்கொண்டே எரியும், கறுப்புப் புகை வரும், நுனியில் கடினமான மணி ஒன்று மிஞ்சும். பருத்தியானால் காகிதம் எரிகிற வாசனை, லேசான சாம்பல். கலப்பு நூலில் நெருப்புச் சோதனை குழப்பும். அதற்குத் துணி வெளுக்கும் குளோரின் பிளீச் நல்லது. சிறு துண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் பிளீச்சில் போட்டு வையுங்கள். கம்பளி கரைந்து போகும், அக்ரிலிக் அப்படியே கிடக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அதோடு வினிகரையோ வேறு எந்தத் திரவத்தையோ சேர்த்துவிடாதீர்கள்.

அப்புறம் சட்டம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் எந்த வகையில் சொல்லியிருந்தாலும் சொன்ன தரம் பொருளில் இல்லையென்றால் அது குறைபாடுதான். குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படித்தான். உங்கள் விஷயத்தில் சிக்கல் சாட்சியில் இருக்கிறது. வாயால் ‘பியூர் வுல்’ என்றார், தாளிலோ கேஷ்மிலான் என்று இருக்கிறது. பில்லில் ‘வுல்’ என்று எழுதியிருந்தால் உங்கள் பக்கம் வலுவாகிவிடும். பிரிக்காத உருண்டைகளை பட்டியோடும் பில்லோடும் கொண்டுபோய்க் கேளுங்கள். பின்னி முடித்த நூலை எடுத்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்துவதில் பயனில்லை.

ஒன்றை மனதார சொல்ல வேண்டும். அக்ரிலிக் மட்டமான சரக்கு அல்ல. அடிக்கடி துவைக்க வேண்டிய குழந்தைத் துணிக்கு அது வசதி, மழைநாளிலும் சீக்கிரம் காயும். கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிக் கெட்டியாகிவிடும். ஆனால் வீட்டில் கணப்போ விறகடுப்போ எரிகிறது, பேரன் தவழ்ந்து போகிற வயது என்றால், அக்ரிலிக் வேண்டாம். தீப்பட்டால் அது உருகித் தோலில் ஒட்டும். அந்த வீட்டுக்குக் கம்பளிதான் சரி, விலை கூடுதலானாலும்.

கேள்வி: கொடைக்கானலில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவருக்குப் பின்னிய ஸ்வெட்டரில் ஒரு கை மட்டும் பாக்கி, நூல் தீர்ந்துவிட்டது. அதே கம்பெனி, அதே நிற எண் பார்த்து வாங்கினேன். பின்னினால் நிறம் வேறாகத் தெரிகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: இல்லை டீச்சர், ஏமாற்றவில்லை. நிற எண்ணுக்குப் பக்கத்தில் லாட் எண் என்று இன்னொன்று இருக்கும். ஒரே தொட்டியில் ஒரே நேரத்தில் சாயம் ஏறிய நூலுக்கு ஒரு லாட். அடுத்த தொட்டியில் நிறம் மிக லேசாக மாறலாம். உருண்டையாகப் பார்க்கும்போது தெரியாது, பின்னிப் பக்கத்தில் வைத்தால் பகலில் பளிச்சென்று தெரியும். லாட் எண்ணைத் தெளிவாகக் கேட்டு வாங்கியும் வேறு லாட் கொடுத்திருந்தால் மாற்றித் தரக் கேட்கலாம். கேட்காமல் வாங்கியதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

இப்போதைக்கு வழி இருக்கிறது. பின்னி முடித்த கையை மேல்பாதி வரை பிரித்து, பழைய நூலில் இரண்டு வரிசை, புது நூலில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். இரண்டு கைகளிலும் ஒரே உயரத்திலிருந்து இப்படிச் செய்தால், நிற வித்தியாசம் பரவி மறைந்துவிடும். கழுத்துப்பட்டியையும் கைமுனையையும் மொத்தமாகப் புது லாட்டில் பின்னுவது இன்னொரு வழி. அங்கே பின்னலே வேறு என்பதால் கண் நிறத்தைப் பார்க்காது.

அடுத்த முறைக்கு: உருண்டை எண்ணிக்கையை வைத்தோ எடையை வைத்தோ வாங்காதீர்கள், மீட்டரை வைத்து வாங்குங்கள். உங்கள் அளவுக்கு 1,200 மீட்டர் தேவை என்று வையுங்கள். ஒரு நூல் 100 கிராமுக்கு 250 மீட்டர், விலை 120 ரூபாய். இன்னொன்று 100 கிராமுக்கு 180 மீட்டர், விலை 100 ரூபாய். முதலாவதில் 5 உருண்டை போதும், 600 ரூபாய். இரண்டாவதில் 7 வேண்டும், 700 ரூபாய். விலை குறைந்த உருண்டைதான் செலவு கூடியது. இரண்டிலும் ஓர் உருண்டை கூடுதலாக, அதே லாட்டில், முதல் நாளே வாங்கிவிடுங்கள். பிரிக்காத உருண்டையைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று அப்போதே கேட்டு, ‘ஆம்’ என்றால் பில்லின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்குக் கடையில் வேறு ஆள் நின்றாலும் அந்த வரி உங்களுக்காகப் பேசும்.

கேள்வி: கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். தேயிலைத் தோட்ட வேலை முடிந்து வந்து ராத்திரியில் பின்னுவேன். அம்மா காலத்து 8ஆம் நம்பர் ஊசி உடைந்துவிட்டது. ஆன்லைனில் 8ஆம் நம்பர் என்று வாங்கினால் தடிமனாக வந்திருக்கிறது. மாற்றித் தர மாட்டோம் என்கிறார்கள்.

பதில்: இரண்டு ஊசியும் 8ஆம் நம்பர்தான், அளவுமுறைதான் வேறு. நம் ஊர்க் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண்கள் புழங்குகின்றன. அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும். 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ., 6 என்றால் 5 மி.மீ. அமெரிக்க முறையில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும். அங்கே 8 என்பது 5 மி.மீ., 6 என்பது 4 மி.மீ. ஆக உங்களுக்கு வந்திருப்பது 5 மி.மீ. ஊசியாகத்தான் இருக்கும்.

இந்த ஒரு மில்லிமீட்டரை அலட்சியம் செய்யாதீர்கள். 4 மி.மீ. ஊசியில் 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) விழுகிறது என்றால், 100 செ.மீ. சுற்றளவுக்கு 220 கண்ணி போடுவீர்கள். தடித்த ஊசியில் அதே 10 செ.மீ.க்கு 18 கண்ணிதான் வந்தால், அந்த 220 கண்ணி 122 செ.மீ. ஆகிவிடும். உடம்புக்கு நிற்காது.

விற்பனைப் பக்கத்தில் மி.மீ. அளவோ ‘அமெரிக்க அளவு’ என்றோ போட்டிருந்ததா என்று முதலில் பாருங்கள். போட்டிருந்தால் பொருள் சொன்னபடியே வந்திருக்கிறது. மனம் மாறியதற்காகத் திருப்பித் தரும் உரிமை நம் சட்டத்தில் பொதுவாக இல்லை, அவர்களுடைய ரிட்டர்ன் விதி எதுவோ அதுதான். 4 மி.மீ. என்று போட்டுவிட்டு 5 அனுப்பியிருந்தால் கதை வேறு. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளை, குறைபாடுள்ளதை, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்ததைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பனைப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளை மாற்றிவிடலாம்.

கேள்வி: ஊட்டியில் 100 கிராம் என்று போட்ட உருண்டையை வீட்டுத் தராசில் நிறுத்தேன். 92தான் காட்டுகிறது. ‘ஈரம் காய்ந்திருக்கும்மா’ என்கிறார் கடைக்காரர். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: கம்பளி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்பது உண்மை. சாதாரணமாக அதன் உலர் எடையில் 16 சதவீதம் வரை ஈரம் இருக்கும். மிக ஈரமான காற்றில் 30 சதவீதத்தைக்கூடத் தொடும், அப்போதும் கைக்கு நனைந்ததாகத் தெரியாது. அப்படியானால் ஜூலை மாத ஊட்டியில் கம்பளி உருண்டை எடை கூடித்தான் இருக்க வேண்டும், குறையக் காரணம் இல்லை. அக்ரிலிக்கோ இரண்டு சதவீதம் ஈரம் பிடித்தாலே அதிகம், அதற்கு இந்தக் காரணமே பொருந்தாது.

100 கிராம் பொட்டலத்தில் 4.5 கிராம் வரை குறைவைத்தான் எடையளவு விதிகள் பொறுத்துக்கொள்கின்றன. 8 கிராம் அதைத் தாண்டிவிட்டது. ஆனால் வீட்டுத் தராசை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். முத்திரையிட்ட தராசு உள்ள கடையில், பிரிக்காத உருண்டைகள் மூன்று நான்கை நிறுத்துப் பாருங்கள். எல்லாமே குறைந்தால் எடையளவுச் சட்டத்தை நம் மாநிலத்தில் கவனிக்கும் தொழிலாளர் துறையிடம் புகார் கொடுங்கள். பட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை இல்லாவிட்டால் அதையும் புகாரில் சேருங்கள்.

கேள்வி: நம் மலையிலேயே கம்பளி ஆடுகள் இருக்கின்றனவே. உள்ளூர் நூல் வாங்க முடியாதா?

பதில்: நீலகிரி ஆடு என்று தனி இனமே இருக்கிறது. ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆட்டு ஆராய்ச்சி நிலையம் அதை வளர்க்கிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய ஆட்டு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் பாரத் மெரினோ ஆடுகளை வைத்திருக்கிறது. இரண்டும் நேர்த்தியான கம்பளி. ஆனால் கத்தரித்த ரோமம் நூலாக வேண்டுமானால் அலச வேண்டும், சிக்கெடுக்க வேண்டும், நூற்க வேண்டும். பச்சை ரோமத்தில் கொழுப்பும் அழுக்கும் நிறைய, அலசினால் எடை வெகுவாகக் குறைந்துவிடும். தக்கிளியில் நூற்க ஆசைப்படுகிறவர்கள் ரோமம் வாங்கினால், அலசியதா அலசாததா என்று கேட்டு விலை பேசுங்கள்.

கடைவீதியில் ‘ஊட்டி உல்லன்’ என்று தொங்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பகுதி லூதியானா போன்ற இடங்களிலிருந்து வருபவை. வாங்குவதில் தவறில்லை, உள்ளூர்க் கைவேலை என்று நம்பி அதிக விலை மட்டும் கொடுக்காதீர்கள். இயந்திரப் பின்னலில் கண்ணிகள் எல்லாம் ஒரே அச்சாக இருக்கும், உள்புறத் தையலில், வெட்டிய ஓரம் பிரியாதபடி நூல் சுற்றி அடிக்கும் ஓவர்லாக் போட்டிருக்கும்.

கேள்வி: கூடலூரில் ஸ்வெட்டர் பின்னி விற்றுத்தான் குடும்பத்துக்குக் கை கொடுக்கிறேன். சாயம் போகும் நூலைக் கொடுத்துவிட்டு, ‘நீங்கள் வியாபாரி, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது’ என்று மிரட்டுகிறார்கள்.

பதில்: போகலாம், பயப்படாதீர்கள். சுயதொழிலாகச் செய்து, அதில் மட்டுமே பிழைப்பு நடத்துவதற்காக வாங்கும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. ஆள் வைத்துப் பெரிய அளவில் நடத்தினால்தான் கேள்வி வரும்.

நூலை நனைத்த வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் படம் எடுங்கள். பில்லோடு கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அதிலும் தீராவிட்டால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, கொடைக்கானல்காரர்களுக்குத் திண்டுக்கல். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

உப்பு, வினிகர் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று யாராவது சொன்னால் அந்த நூலில் கை வைக்காதீர்கள். சாயம் ஏற்றும்போதே பிடிக்காதது வெறுமனே ஊறவைப்பதால் பெரும்பாலும் பிடிக்காது. அதோடு, சாட்சியாக இருக்கும் பொருளை நீங்களே மாற்றியதாகவும் ஆகிவிடும்.

கேள்வி: கொடைக்கானல் ஞாயிறு சந்தையில் பழைய ஸ்வெட்டர் வாங்கிப் பிரித்து நூல் எடுக்கலாமா?

பதில்: தாராளமாக. வாங்கும் முன் உள்பக்கத்தைத் திருப்பி, பக்கவாட்டுத் தையலைப் பாருங்கள். ஓரம் வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் ஒவ்வொரு வரிசையும் துண்டு துண்டாகத்தான் வரும், விட்டுவிடுங்கள். சங்கிலித் தையலால் இணைத்திருந்தால் ஒரே இழையாக வரும். முழங்கை, அக்குள் பக்கம் தேய்ந்திருக்கிறதா, பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிரித்த நூலைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து நிழலில் தொங்கவிட்டால் சுருள் நீங்கும். அது காய்ந்த பிறகு மீட்டர் அளந்து, அப்புறம் என்ன பின்னுவது என்று முடிவு செய்யுங்கள்.