குரல்வளைக் கண்ணாடி என்றால் என்ன? அதற்கும் ஓர் ஆப்பரா (பாடியே நடிக்கும் மேலை இசை நாடகம்) பாடகருக்கும் என்ன தொடர்பு?

தொண்டைக்குள் குரல் நாண்களைப் பார்க்க உதவும், நீண்ட கைப்பிடியுள்ள சிறு கண்ணாடிதான் அது. வாய்க்குப் பின்னால் பாதை செங்குத்தாகக் கீழே திரும்புவதால் நேராகப் பார்த்தால் நாண்கள் தெரியாது. சாலை வளைவில் எதிரே வரும் வண்டியைக் காட்டக் கண்ணாடி வைப்பார்களே, அதே உத்தி.

அந்த ஆப்பரா பாடகர் மனுவேல் கார்சியா, 1825இல் தந்தையின் குழுவோடு நியூயார்க்கில் பாடியவர். இளமையிலேயே குரல் தளர, மேடையை விட்டு ஆசிரியரானார். குரல் எப்படிப் பிறக்கிறது என்று தெரியாமல் கற்பிப்பது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். 1854இல் பல் மருத்துவரின் கண்ணாடியைச் சூடாக்கி, துடைத்து, உள்நாக்கில் ஒட்டினாற்போல் வைத்தார். சூடாக்காவிட்டால் மூச்சுக்காற்றின் ஈரம் படிந்து மங்கிவிடும். இன்னொரு கைக்கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மேல் பாய்ச்ச, தன் நாண்களே திறந்து மூடுவதைக் கண்டார். குமட்டல்தான் இதில் பெரிய தொல்லை. கண்ணாடி நாக்கின் அடியைத் தொட்டால் போதும், வந்துவிடும்.

இப்படியொரு கருவியை முதலில் செய்தவரே கார்சியாதான் என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் 1829இலேயே லண்டன் மருத்துவர் பெஞ்சமின் பாபிங்டன் ஒன்றைச் செய்திருந்தார். பாடும்போது நாண்கள் அசைவதைக் கவனித்து விளக்கியதுதான் கார்சியாவின் பங்கு.