ஆயிரம் அடிக்குப் போர் போட்டாலும் ஏரி வேண்டும்

கேள்வி: முன்னோர் அறிவு, முன்னோர் அறிவு என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வந்துவிட்ட காலத்தில் அதனால் என்ன பயன்?
(வாசகர், செங்கல்பட்டு)

பதில்: மேடை முழக்கத்தால் ஒரு பயனும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ஆழ்துளைக் கிணற்றுக்கு எடுக்கத்தான் தெரியும், ஊறவைக்கத் தெரியாது. ஊறவைப்பது பக்கத்து ஏரி. அது தூர்ந்தால் ஆயிரம் அடிக்குப் போர் போட்டாலும் காற்றுதான் வரும்.

பழைய ஏரிகளில், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகான குமிழித் தூம்பை ஒருமுறை போய்ப் பாருங்கள். கரையிலிருந்து தள்ளி, நீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றுக்கு அடியில் ஒரு கல்தொட்டி. அதன் மேலே நீரோடித் துளை, பக்கவாட்டில் தரையை ஒட்டிச் சிறிய சேறோடித் துளைகள். மேல்மூடியைத் தூக்கினால் தண்ணீர் பாயும். அந்த இழுப்பிலேயே அடியில் படிந்த வண்டலும் கலந்து வயலுக்குப் போகும். பாசனம், தூர்வாரல், உரம் மூன்றும் ஒரே திறப்பில் நடந்தன. மின்சாரம் கிடையாது, டீசல் கிடையாது.

கல்லைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அதைக் காத்த கட்டுப்பாடு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்தைக் குடவோலையில் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் அடுத்து நிற்க முடியாது. ஊரை நிர்வகித்த அந்தப் பிராமணர் சபையில் பெண்களுக்கும் பிற சாதியாருக்கும் நிலமற்றவருக்கும் இடமில்லை. அந்தப் பகுதியை நாம் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டியதில்லை. கணக்குக் கேட்கும் அந்த வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும்.

நாம் செய்தது என்ன? சென்னையில் மாம்பலம் ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகரைக் கட்டினோம். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. நீரின்றி அமையாது உலகு என்று எழுதியவருக்கு, ஏரியைத் தூர்த்து நினைவிடம்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

உங்கள் செங்கல்பட்டு ஏரிகள் சூழ்ந்த மாவட்டம். அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடும். ஏரிக்கு வரும் வரத்துக்கால் எந்த சர்வே எண்ணில் அடைபட்டிருக்கிறது, உபரிநீர் வழியும் கலங்கலை உயர்த்தியது யார், கடைசியாகத் தூர்வாரிய கணக்கு எங்கே என்று எழுந்து நின்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, நகல் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.