ஓடும் வீட்டில் ஒரு டிஷ்வாஷர்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் மோட்டார்ஹோமில் காஸ் ஓவனைத் தொடுவதே இல்லை. அதை எடுத்துவிட்டு டிஷ்வாஷர் வைக்கலாமா? (வாசகி, ஸ்கார்பரோ, கனடா)

பதில்: வைக்கலாம். ஓவனும் அடுப்பும் ஒரே உடலாக இருந்தால் அடுப்பும் சேர்ந்து போய்விடும் என்பதை முதலில் பாருங்கள். புரொப்பேன் குழாயை அடைத்துக் கசிவு சோதிப்பது உரிமம் பெற்ற காஸ்காரரின் வேலை. நீங்கள் கை வைக்க வேண்டாம்.

மேடைமேல் வைக்கும் சிறிய ரகம் ஏறத்தாழ 55 செ.மீ. அகலம், 50 ஆழம், 44 உயரம். எடை 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பின்பக்கம் குழாய் வளைய 5 செ.மீ.யாவது விடுங்கள். இழுப்பறை ரகம் உயரம் குறைவு, அகலமோ 60 செ.மீ.; பெரும்பாலும் அலமாரியை அறுக்க நேரும். ஓவன் இடத்துக்குச் சிறிய ரகமே எங்கள் தேர்வு. இட்லித் தட்டு நுழையும், இட்லிக் குண்டான் நுழையாது!

மோட்டார்ஹோம் அலமாரிச் சுவர் மெல்லிய பலகை, திருகாணி நிற்காது. 18 மி.மீ. பிளைவுட்டில் அடித்தட்டு போட்டு, உலோகக் கோணத்தால் நான்கு பக்கமும் பிடியுங்கள். கதவு திறந்ததும் ஆவி மேடையின் அடிப்பலகையில் மோதி ஊற வைக்கும். அங்கே அலுமினிய டேப் ஒட்டிவிடுங்கள். குழந்தைப் பூட்டு பொத்தான்களைத்தான் பூட்டும், கதவை அல்ல. ஓடும்போது கதவுக்குத் தனிக் கொக்கி வேண்டும்.

கேள்வி: டிஷ்வாஷர் ஓடும்போது ஷவர் தரையில் அழுக்குத் தண்ணீர் ஏறுகிறது. மெஷின் பழுதா?

பதில்: மெஷினில் பழுதில்லை. கழிவுநீர்த் தொட்டி நிரம்பிவிட்டது. வண்டியில் ஆகத் தாழ்வான வடிகால் ஷவர்தான், அதனால் முதலில் அங்கே ஏறுகிறது. ஒரு சுற்றுக்கு 10 முதல் 12 லிட்டர் போகும். தொட்டியில் அதற்கு இடமிருக்கிறதா என்று பார்த்துவிட்டே பொத்தானை அழுத்துங்கள்.

தொட்டி காலியாக இருந்தும் சிங்கில் களக் களக் என்று சத்தம் வந்தால், சிங்குக்குக் கீழே உள்ள காற்று வால்வு ஒட்டிக்கொண்டிருக்கும். மாற்றுவது சுலபம், மரை கழற்றிப் புதியதைப் போட்டால் போதும். வடிகுழாயை மேடையின் அடிவரை ஏற்றி வளைத்து, பிறகு இறக்கி, சிங்குக்குக் கீழே தண்ணீர் தங்கி நாற்றத்தைத் தடுக்கும் வளைகுழாய்க்கு முன்னால் இணைக்க வேண்டும். மேலேற்றிய அந்த வளைவு இல்லாவிட்டால் சிங்க் தண்ணீர் கழுவிய தட்டுகளுக்குள்ளேயே திரும்பும். வளைகுழாய்க்குப் பின்னால் இணைத்தாலோ, தொட்டி நாற்றம் சமையலறைக்கு வரும்.

கேள்வி: 30 ஆம்ப் இணைப்பில் பிரேக்கர் அடிக்கடி விழுகிறது. பேட்டரியில் ஓட்டலாமா?

பதில்: 120 வோல்ட்டில் 30 ஆம்ப் என்றால் 3,600 வாட். ஏசி 13 முதல் 15 ஆம்ப், மின்சார வெந்நீர் ஹீட்டர் 12, டிஷ்வாஷர் சுமார் 10. கூட்டினால் 35 முதல் 37 வரை வருகிறது, விழாமல் என்ன செய்யும்? ஹீட்டரை புரொப்பேனுக்கு மாற்றுங்கள். மெஷினை வெந்நீர்க் குழாயில் இணைத்து, சிங்கில் சூடு வரும்வரை திறந்துவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். மெஷினின் உள் ஹீட்டருக்கு வேலை குறையும்.

பேட்டரியில் ஒரு சுற்றுக்கு 0.7 யூனிட் என்று வையுங்கள். 12 வோல்ட், 100 ஆம்ப்-மணி லித்திய பேட்டரியில் பாதிக்கு மேல் தீரும். அதே அளவு ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் அது தாங்காது. இன்வெர்ட்டர் 2,000 வாட் தூய சைன் அலையாக இருக்கட்டும். மலிவு ரகத்தில் பம்ப் மோட்டார் முனகும், போர்டு போகும்.

கேள்வி: சாதாரணப் பாத்திரம் கழுவும் திரவம் ஊற்றலாமா?

பதில்: கூடவே கூடாது. நுரை கதவு வழியே வழியும்.

கேள்வி: குளிர்காலத்தில் தண்ணீரை வடித்துவிட்டால் போதாதா?

பதில்: போதாது. மெஷினுக்குத் தண்ணீர் வரும் வால்விலும் அடிக்குழியிலும் தண்ணீர் தங்கி, உறைந்து விரிந்து, வால்வைப் பிளக்கும். வெந்நீர்த் தொட்டியை பைபாஸ் செய்து, மோட்டார்ஹோமுக்கான இளஞ்சிவப்பு ஆர்.வி. ஆன்டிஃப்ரீஸை (உறையாமல் காக்கும் திரவம்) வண்டிப் பம்பால் இழுங்கள். மெஷினை ஓட விட்டு உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்ததும் சுற்றை ரத்து செய்தால், வடிபம்ப் வழியாகவும் அது போய்விடும். அடிக்குழியில் கொஞ்சம் நிற்கட்டும். கார் ரேடியேட்டரில் ஊற்றுவது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், நஞ்சு, அதைத் தொடாதீர்கள். வசந்தத்தில் பாத்திரமில்லாமல் இரண்டு சுற்று ஓட்டிய பிறகே தட்டுகளை அடுக்குங்கள்.