துணிக்குப் பிரிண்ட் டிசைன் போடுபவர்களுக்கு யோசனை எங்கிருந்து வருகிறது?

பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது வடசென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை, இப்போதும் வீடு அங்கேதான். ஒவ்வொரு கலெக்‌ஷனுக்கும் யோசனை எங்கே கிடைக்கிறது, அதற்காக ஊர் ஊராகப் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கிடைத்ததெல்லாம் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய்வரும் தூரத்தில்தான். ஆனால் அதைப் பார்க்கத் தெரிவதற்கு எனக்குச் சில வருடங்கள் ஆயின.

முதல் கலெக்‌ஷனுக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். வஞ்சிரம், சங்கரா, நண்டு, பைபர் படகு, நங்கூரம் எல்லாம் வரைந்து சாம்பிள் அடித்தேன். நிறம் நன்றாக வந்தது. ஆனால் எந்தக் கடற்கரையைப் பார்த்தவரும் அதைப் போட்டிருக்கலாம். காசிமேடு அதில் இல்லை. சாம்பிளை மடித்து வைத்துவிட்டு மறுபடி துறைமுகத்துக்குப் போனேன், நாலு நாள் தொடர்ந்து.

அங்கே ஒரு பெரியவர் நிழலில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார். வலையின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசி வலைக் கண்ணுக்குள் போவதும் வருவதும் தெரியாத வேகத்தில் தைப்பார்.

"இன்னாம்மா, டெய்லி வந்து குந்திகினு பாக்குற?" என்றார்.

"துணிக்கு டிசைன் போடறேன் தாத்தா, அதுக்குத்தான்."

"அப்போ இத்தப் பாரு," என்று மடியிலிருந்த வலையை விரித்தார். "எத்தினி வாட்டி கிழிஞ்சிதுன்னு இதுவே சொல்லும்."

பச்சை வலை. நடுவில் ஒரு கையகலத்துக்கு நீல நூல், அதன் ஓரத்தில் ஆரஞ்சு. அன்றைக்குக் கையில் எந்த நூல் இருந்ததோ அதில் தைத்தது. கிட்டத்தில் பார்த்தால் இன்னொன்றும் தெரிந்தது. தைத்த இடத்தில் கண்கள் கொஞ்சம் சின்னதாக இருந்தன, முடிச்சு இறுகியிருந்தது, அதனால் சுற்றியிருந்த பச்சைக் கண்களும் அந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தன. மீனையும் படகையும் விட்டுவிட்டு அந்தச் சாய்வை வரைந்தேன். அன்றிலிருந்து ஒரு பொருளைப் பார்த்தால், அதை வைத்துக் கை என்ன வேலை செய்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

வரைந்ததோடு வேலை முடியாது. நாங்கள் அச்சடிக்கும் ரோட்டரி ஸ்கிரீன் ஒரு உருளை, அதன் சுற்றளவு 64 செ.மீ. அதாவது 64 செ.மீ.க்கு ஒருமுறை அதே தையல் அதே இடத்தில் வந்து நிற்கும். வெறும் வலை என்றால் யாருக்கும் தெரியாது. ஆரஞ்சுத் திட்டு இருந்தால் துணியின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். ஹாஃப் டிராப் போட்டு, அதாவது பக்கத்து வரிசையைப் பாதி உயரம் கீழே இறக்கிப் பார்த்தேன். பட்டை போய் இப்போது சாய்ந்த கோடு தெரிந்தது. மூன்று வாரம் இதிலேயே போனது. கடைசியில் ஒரே ஆரஞ்சுத் திட்டுக்குப் பதிலாக வெவ்வேறு அளவில் மூன்று வைத்து, நீலத்தை அதனோடு ஒட்டவிட்டதும் கோடு மறைந்தது. கண்ணில் முதலில் படுவது எதுவோ அதைத் துணியில் தனியாக விடக் கூடாது.

அடுத்தது கைலி. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், வீட்டுக்கு வந்ததும் கட்டுவது கட்டம் போட்ட கைலி. இந்தக் கட்டத்துக்குப் பின்னால் எவ்வளவு பெரிய கதை இருக்கிறது என்று படித்தபோது மலைத்துப்போனேன். மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலெகாட்' என்று பெயர். 'பெலெகாட்' என்பது நமக்கு வடக்கே இருக்கிற பழவேற்காடுதான்! ஊரின் பேரே துணிக்குப் பேராகிவிட்டது. இன்னொரு பக்கம், மெட்ராஸ் கட்டத் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. நைஜீரியாவில் கலாபரி மக்கள் அதை அப்படியே கட்டுவதோடு நிற்கவில்லை. பெண்கள் பிளேடால் சில இழைகளை மட்டும் அறுத்து உருவி, கட்டத்துக்குள் வேறொரு டிசைனைக் கொண்டுவருகிறார்கள். எதையும் சேர்க்காமல், எடுத்தே செய்கிற டிசைன்.

அப்பாவின் பழைய கைலி ஒன்றை எடுத்து நானும் இழை உருவிப் பார்த்தேன். ஒரு சாண் துணிக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. நெசவில் வர வேண்டிய கட்டத்தை அச்சில் போடுவது எனக்கு எப்போதும் பிடிக்காது. நெய்த கட்டம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், அச்சடித்ததைத் திருப்பினால் வெளிறித் தெரியும். அதனால் முழுக் கட்டத்தை அச்சடிக்கவில்லை. கோடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டே வரும் கட்டமாகப் போட்டேன். எனக்கு இன்றும் மிகப் பிடித்த கலெக்‌ஷன் அதுதான்.

ராயபுரம் ரயில் நிலையத்தை ஏன் எடுக்கவில்லை என்று சிலர் கேட்பார்கள். 1856-இல் திறந்த கட்டடம், அழகான தூண்கள், பலமுறை வரைந்திருக்கிறேன். எதிரே நின்று பார்க்க வேண்டிய கட்டடம் அது. துணியாக உடம்பில் சுற்றினால் தூண் மடிந்துவிடுகிறது.

அப்புறம் வண்ணாரப்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால் வந்த பெயர். கோரமண்டல் கரையின் அச்சுத் துணி பற்றிப் பேசினால் எல்லோரும் சாயவேர்ச் சிவப்பைச் சொல்வார்கள். அந்தத் துணிக்கு ஐரோப்பாவில் இருந்த மோகத்தைப் பார்த்துப் பயந்து பிரான்ஸ் 1686-லும் இங்கிலாந்து 1721-லும் தடை போட்டன. ஆனால் அந்தச் சிவப்பு எப்படி நின்றது என்று பாருங்கள். துணியை முதலில் வெளுக்க வேண்டும். கடுக்காயிலும் எருமைப்பாலிலும் நனைத்துக் காயவைத்து, வேண்டிய இடத்தில் மட்டும் படிகாரக் கரைசலால் எழுத வேண்டும். பிறகு மொத்தத் துணியையும் சாயத்தில் கொதிக்கவிடுவார்கள். படிகாரம் பட்ட இடத்தில் சிவப்பு கெட்டியாகப் பிடிக்கும், மற்ற இடமெல்லாம் லேசாகக் கறை ஏறி நிற்கும். அந்தக் கறை போக மறுபடி சாணத்தில் ஊறவைத்து, வெயிலில் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து வெளுக்க வேண்டும்.

அப்படியென்றால் பூவைச் சுற்றியிருக்கும் வெள்ளையும் ஒருவர் கையால் வந்ததுதான். அருங்காட்சியகங்களில் எழுதியவரின் கலையைப் பற்றி எழுதி வைக்கிறார்கள். வெளுத்தவரின் உழைப்பைப் பற்றி நான் அதிகம் பார்த்ததில்லை. எங்கள் ஊர்ப் பெயரே அந்த உழைப்பு என்பதால் இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. துணியில் முக்கால்வாசியை வெள்ளையாக விட்டு ஒரு கலெக்‌ஷன் செய்தேன். ஒரு வாங்குபவர் "பாதி டிசைன்தானே இருக்கிறது" என்று விலையைக் குறைக்கச் சொன்னார். நான் குறைக்கவில்லை.

இப்போது செய்துகொண்டிருப்பது நைட்டித் துணி. எங்கள் தெருவில் காலையில் தண்ணீர் பிடிக்கவும், கடைக்குப் போகவும், சாயங்காலம் வாசலில் உட்காரவும் பெண்கள் உடுத்துவது நைட்டிதான். அதற்கு அக்கறையோடு டிசைன் போடுபவர்கள் குறைவு. அம்மா எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் கட் பீஸ் வாங்கிவந்து நைட்டி தைத்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். பூவெல்லாம் ஒரே பக்கம் பார்க்கிற துணி வந்தால் அம்மாவுக்குக் கோபம் வரும். பீஸைத் திருப்பிப் போட்டு வெட்ட முடியாது, வெட்டினால் முதுகில் பூ தலைகீழாக நிற்கும், ஒரு நைட்டிக்கு அரை மீட்டர் வரை கூடுதலாகப் போகும். சின்ன வயதில் அந்தக் கோபம் எனக்குப் புரிந்ததில்லை.

இந்தத் துணியில் கொடி மேலும் போகும், கீழும் வரும், எப்படித் திருப்பி வெட்டினாலும் சரியாக இருக்கும். போன வாரம் முதல் சாம்பிளை அம்மாவிடம் கொடுத்தேன். தரையில் விரித்து, ஒருமுறை திருப்பிப் பார்த்து, சாக்பீஸை எடுத்துவிட்டார்.